பனித்தரையில் மீண்டும்

ஹாக்கி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் வாசகர்களின் மனக்கண்ணில் தோன்றுவன கோவில்பட்டித் திடல்களும், நுனி வளைந்த மட்டையும், கெட்டியான வெள்ளைப் பந்துமே ஆகும். நாம் இப்போது பணியாற்றிவரும் கனடா நாட்டிலோ அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான்: பனிக்கட்டித் தரையின்மீது, காலில் சறுக்குக் காலணி பூட்டிக்கொண்டு ஆடும் ஆட்டம். நம் ஊர் ஹாக்கியைக் குறிப்பிட வேண்டுமாயின் 'திடல் ஹாக்கி' என்று அடைமொழி சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போதும் கேட்பவர், 'அது பெண்கள் ஆடுவதன்றோ?' என்று வினவுவார். தியான்சந்த் பிறந்த நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது சற்றே கசப்பான கேள்விதான். எனினும் குளிரில் நின்று வாதாடுவது எளிதன்று. ஆதலின் புன்னகையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பனி ஹாக்கியின் களம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடையது. சுற்றிலும் இடுப்புயரப் பலகைச் சுவர். அணிக்கு ஆறு பேர். அவருள் ஒருவர் கோல் காப்பவர். பந்துக்குப் பதிலாக ஒரு வட்டு. மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிப்பும் கொண்ட கறுப்பு இரப்பர்த் துண்டு அது. தரையில் காணும் பனியோ ஏறக்குறைய ஓர் அங்குலக் கனமே இருக்கும். அதன் அடியில் சிமெண்டுத் தளம். தளத்துக்குள் குளிர்நீர்மம் ஓடும் குழாய்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் ஓர் ஊர்தி வந்து, கீறல் விழுந்த மேற்பரப்பைச் சீவி எடுத்து, வெந்நீரை மெல்லியதாகப் பரப்பிவிட்டுச் செல்லும். 1949ஆம் ஆண்டில் அதனை உருவாக்கிய பிராங்க் ஜம்போனியின் பெயராலேயே அவ்வூர்தி வழங்குகிறது. பனிக்கு வெந்நீரா என்று நாமும் முதலில் வியந்தோம். வெந்நீர்தான் கீறல்களுக்குள் நன்கு இறங்கிக் கண்ணாடிபோல் உறையுமாம்.

இதனை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐம்பத்து நான்காம் வயதில், 24 ஆண்டு இடைவெளிக்குப் பின், நாம் இவ்வாட்டத்தில் மீண்டும் இறங்கினோம். செய்தி எப்படியோ கடல் கடந்து நம் மறைமாவட்டத்தையும் எட்டிவிட்டது. குருமடத் தோழர் ஒருவர், 'சாமி, எலும்புகளை அவ்வப்போது எண்ணிப் பார்த்துக்கொள்ளும்' என்று எழுதினார். நம் தங்கையோ தொலைபேசியிலேயே அழுதாள். ஆகவே, நடந்ததை நடந்தவாறே எழுதிவிடுவது நலம் எனத் தோன்றிற்று.

1996ஆம் ஆண்டில், திருச்சபைச் சட்டம் பயில்வதற்காக ஒட்டாவா நகரிலுள்ள புனித பவுல் பல்கலைக்கழகத்துக்கு நாம் அனுப்பப்பட்டோம். அந்நகரின் நடுவே ரிடோ கால்வாய் ஓடுகிறது. 1971ஆம் ஆண்டு முதல், குளிர்காலத்தில் உறைந்துபோகும் அந்நீர்ப்பரப்பைத் துப்புரவு செய்து மக்கள் சறுக்கிச் செல்வதற்காகத் திறந்துவிடுகின்றனர். நீளம் 7.8 கிலோமீட்டர். அரசு அலுவலர்கள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குச் சறுக்கிப் போவதைக் கண்டு நாம் வாய்பிளந்து நின்றதுண்டு. கியூபெக்கிலிருந்து வந்து நம்மோடு பயின்ற குரு ஒருவர், 'நிற்கிறவன் குளிரில் விறைத்துப் போவான், வாரும்' என்று கையைப் பிடித்து இழுத்துச் சென்றார். முதல் குளிர்காலம் முழுவதும் விழுவதில் கழிந்தது. இரண்டாம் ஆண்டில் மட்டை பிடித்தோம். மூன்றாம் ஆண்டில், வெள்ளிக்கிழமை மாலைகளில் மாணவக் குருக்கள் கூடி ஆடும் ஆட்டத்தில், வலது ஓரத்து ஆட்டக்காரராக நமக்கென ஓர் இடமே இருந்தது. 1999ஆம் ஆண்டில் தாயகம் திரும்பியபோது காலணிகளை ஆப்பிரிக்க மாணவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினோம். தூத்துக்குடிப் பக்கத்து வெயிலில் அவற்றுக்கு என்ன வேலை?

(அக்கால்வாய் 2022-23 குளிர்காலத்தில், தன் வரலாற்றிலேயே முதன்முறையாக, ஒரு நாள்கூடத் திறக்கப்படவில்லை. பனி போதிய கனத்துக்கு உறையவில்லை. செய்தித்தாளில் அதைப் படித்தபோது, பழைய நண்பர் ஒருவர் நோயுற்றார் என்று கேட்டதுபோல் இருந்தது.)

பின்னர் வந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: ஐந்து பங்குகள், ஒரு பள்ளிக் கட்டடம், சர்க்கரைக்குச் சிறு மாத்திரை. 2021ஆம் ஆண்டில் நம் ஆயர், குருக்கள் குறைவுபட்ட வட ஒன்டாரியோவின் சுரங்க ஊர் ஒன்றுக்கு நம்மை அனுப்பிவைத்தார். இங்கே ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் எழுபது பேர் இருந்தால் அது பெரிய கூட்டம். சனிக்கிழமை இரவில் ஹாக்கி அரங்கிலோ ஊரே இருக்கும். பீடச் சிறுவர்கள் தங்களைவிடப் பெரிய விளையாட்டுப் பையை இழுத்துக்கொண்டு நேரே கோவிலுக்கு வருவார்கள். முதல் இரண்டு குளிர்காலங்களும் பார்வையாளராகவே அரங்குக்குச் சென்றுவந்தோம். நாம் ஒருகாலத்தில் ஆடியவர் என்பது எவ்வாறோ வெளிப்பட்டுவிட்டது. அதன்பின் ஐம்பது வயது கடந்தோர் அணி நம்மை விடவில்லை. செவ்வாய்க்கிழமை இரவு 9.45 மணிக்கு அவர்களுடைய ஆட்டம். நல்ல நேரமெல்லாம் சிறுவர்களுக்கு. மீந்த நேரம்தான் முதியோருக்கு. இது நியாயமே.

காலணி வாங்கச் சென்ற இடத்திலேயே காலம் எவ்வளவு கடந்துவிட்டது என்பது புலனாயிற்று. நாம் விட்டுச்சென்றபோது மட்டை மரத்தாலானது. இப்போது கரியிழையாலான மட்டை. கையில் எடுத்தால் ஒன்றும் எடுக்காததுபோல் இருக்கிறது. காலணியை அடுப்பில் வைத்துச் சூடாக்கி, இளகிய நிலையில் காலில் மாட்டி, பாதத்தின் அச்சுக்கு ஏற்ப இறுகச் செய்கிறார்கள். மாறாதது அடியிலுள்ள இரும்பு மட்டுமே. அதன் விளிம்பைக் கத்திபோல் ஒற்றைக் கூராகத் தீட்டுவதில்லை. நடுவில் குழிவாக அரைத்து, இருபுறமும் இரண்டு கூர் விளிம்புகள் நிற்குமாறு செய்கிறார்கள். உடலைச் சாய்க்கும் பக்கத்து விளிம்பு பனியைப் பற்றிக்கொள்ளும். ஆட்டம் முழுவதும் அந்த நூலளவு விளிம்பின்மேல்தான் நிற்கிறது.

அணியோடு இறங்குவதற்கு முன், ஞாயிறு பிற்பகலில் பொதுமக்கள் சறுக்கும் வேளையில் சென்று பார்த்தோம். பலகைச் சுவரைப் பற்றியவாறே கால் வைத்தோம். மூளைக்கு ஒன்றும் நினைவில்லை. கால்களுக்கு எல்லாம் நினைவிருந்தது! பத்தடி சென்றதும் கணுக்கால் தானாகவே உட்புறம் சாய்ந்து, மீண்டு, தள்ளத் தொடங்கிற்று. இருபத்து நான்கு ஆண்டுகளாக எங்கே ஒளிந்திருந்ததோ அந்தப் பழக்கம்! ஆனால் அந்நினைவும் முழுமையானதன்று. காலணிகளைச் சட்டென்று குறுக்கே திருப்பி, பனித்தூள் பறக்க நிற்பது இவ்வாட்டத்தின் முதற்பாடம். இடப்புறம் திரும்பி நிற்க முடிந்தது. வலப்புறம் அன்றும் வராது, இன்றும் வரவில்லை. ஆக, உடல் தன் குறைகளையும் பத்திரமாகவே வைத்திருந்தது.

நம் தடுமாற்றத்தைக் கவனித்துக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அருகே வந்தாள். மறைக்கல்வி வகுப்பில் நம்மிடம் படிப்பவள். 'ஃபாதர், முழங்காலை மடக்குங்கள். இன்னும். நாற்காலியில் உட்காருவதுபோல்' என்றாள். மடக்கினோம். 'இன்னும்' என்றாள். அரை மணி நேரம் விடவில்லை. இறுதியில், 'அடுத்த வாரமும் வாருங்கள், பழகிவிடும்' என்று, நாம் அவ்வகுப்பில் வழக்கமாகச் சொல்லும் அதே குரலில் சொல்லிவிட்டுப் போனாள். முப்பது ஆண்டுகளாக நம் முன் எல்லாரும் எழுந்து நின்றே பழக்கம். ஒரு குழந்தை கையைப் பிடித்து நம்மைத் திருத்துவது மனத்துக்கு இவ்வளவு இதமாக இருக்கும் என்று யார் நினைத்தார்?

குருக்களுக்கும் இவ்வாட்டத்துக்கும் உள்ள உறவு புதியதன்று. இதே வட ஒன்டாரியோவில் பிறந்த லெஸ் காஸ்டெல்லோ, 1948ஆம் ஆண்டில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியில் ஆடி, இந்நாட்டின் உயரிய பரிசாகிய ஸ்டான்லி கோப்பையை வென்றவர். புகழ் தேடிவரும் வயதில் அதனை உதறிவிட்டுக் குருமடம் புகுந்தார். பின்னர் 1963இல் வேறு சில குருக்களோடு சேர்ந்து 'பறக்கும் தந்தையர்' என்னும் அணியை அமைத்தார். ஊர் ஊராகச் சென்று ஆடி, இடையிடையே கோமாளித்தனங்கள் செய்து மக்களைச் சிரிக்கவைத்து, அறப்பணிகளுக்காகப் பெருந்தொகை திரட்டினார்கள். 2002ஆம் ஆண்டு டிசம்பரில், 74 வயதில், பனித்தரையில் விழுந்து தலையில் அடிபட்டு, அதுவே காரணமாக இறைவனடி சேர்ந்தார். இப்பகுதி முதியவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது, 'விரும்பிய இடத்திலேயே போனார்' என்பார்கள். நமக்கு அவ்வாறு எளிதாகச் சொல்ல நா எழவில்லை.

இன்னொருவர் அருட்தந்தை டேவிட் பாவர். 1964ஆம் ஆண்டு இன்ஸ்புரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் கனடா அணியின் பயிற்சியாளர் அவரே. சுவீடனுக்கு எதிரான ஆட்டத்தில் எதிரணி வீரர் ஒருவருடைய உடைந்த மட்டை பறந்துவந்து அவர் நெற்றியைப் பிளந்தது. இரத்தம் வழியும் நிலையிலும், பழிவாங்கத் துடித்த தம் இளைஞர்களைப் பெஞ்சை விட்டு எழவொட்டாமல் தடுத்துவிட்டார். அதற்குப் பின், மட்டைக்குரிய அவ்வீரரை அழைத்துத் தம் அருகில் அமர்த்தி வேறோர் ஆட்டத்தைக் கண்டார். அவருடைய அணி நான்காம் இடமே பெற்றது. அவருக்கோ அந்நடத்தைக்காகத் தனியே ஒரு தங்கப்பதக்கம் வழங்கப்பட்டது.

நிற்க. பெஞ்சு என்றோமல்லவா, இவ்வாட்டத்தில் நடுவயதினருக்கு உரிய முழுப் பாடமும் அந்தப் பெஞ்சில்தான் இருக்கிறது.

கால்பந்தில் மாற்று ஆட்டக்காரர் இறங்குவதற்கு ஆட்டம் நிற்க வேண்டும். நடுவர் அனுமதிக்க வேண்டும். இங்கே அவ்வாறன்று. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பலகைக் கதவு வழியே வெளியேற, மற்றவர் உள்ளே பாய்வார். ஒரு முறை இறங்கினால் முக்கால் நிமிடம், அதாவது 45 வினாடி. அவ்வளவே. அதற்குமேல் எவராலும் முழு வேகத்தில் சறுக்க இயலாது. தேசிய அணியின் இளைஞர்க்கே அந்த அளவு என்றால் நம் போன்றோர்க்குச் சொல்லவும் வேண்டுமா? முதல் பதினைந்து வினாடியில் நாம் இருபத்தேழு வயது மாணவர். முப்பதாவது வினாடியில் நம் உண்மையான வயது வந்து சேர்ந்துகொள்ளும். நாற்பதில் தொடை எரியும். நாக்கில் இரும்புச் சுவை தட்டும். அப்போது திரும்பிப் பெஞ்சுக்கு வந்துவிட வேண்டும்.

வந்துவிட வேண்டும், ஆனால் வரமாட்டார்கள்! அங்கேதான் இருக்கிறது சிக்கல். வட்டு இதோ கைக்கெட்டும் தூரத்தில் வருகிறது. இன்னும் ஒரே ஒரு முறை அடித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும். தாம் வெளியேறினால் அணி தோற்றுவிடும் என்றும் தோன்றும். பெஞ்சில் மூவர் இளைப்பாறி, கால் துடிக்கக் காத்திருப்பது கண்ணில் படாது. ஒரே பங்கில் வேரூன்றிவிட்டு மாற்றல் கடிதத்தைப் பிரிக்கவே மனமில்லாத குருக்களை நாம் அறிவோம். கடைச் சாவியை மகனிடம் கொடுக்காத தகப்பனாரையும் அறிவோம். அவர்களுக்குப் பலகைக் கதவு இல்லை, இங்கே இருக்கிறது. அவ்வளவே வேறுபாடு.

இவ்வாட்டம் இதயத்தை என்ன செய்கிறது என்பதை மருத்துவர்கள் ஆராய்ந்துள்ளனர். 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவதே நிமிடத்துக்கு இதயத் துடிப்பின் மேல் எல்லை என்பது பொதுக் கணக்கு. ஐம்பத்தாறு வயதினருக்கு 164. பொழுதுபோக்காக ஆடும் நடுவயதினருக்குக் கருவி பொருத்திப் பார்த்தபோது, ஆட்டத்தின் வேகத்தில் பலருடைய துடிப்பு அவரவர் எல்லையையே தாண்டிச் சென்றதாகக் கனடிய மருத்துவச் சங்க இதழில் 2002ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு காட்டிற்று. ஓடுவோர் சீராக ஓடுவர். பனி ஹாக்கியிலோ உடல் ஒரு நிமிடம் சிறுத்தை, மறு நிமிடம் சிலை. வாரம் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்துவிட்டு ஓர் இரவு மட்டும் சிறுத்தையாவதே பேராபத்து.

2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு செவ்வாய். வெளியே சுழியத்துக்குக் கீழ் 28 பாகை. நம் அணியில் ஒருவர், சுரங்கத்தில் மின்வினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர், அறுபத்து மூன்று வயது. ஆட்டத்தில் நம் எல்லாரையும்விட வேகமானவர். அன்று அவர் இரண்டு நிமிடத்துக்கும் மேலாகக் களத்திலேயே நின்றுவிட்டார். கூப்பிட்டும் வரவில்லை. பின்பு வந்தார், பெஞ்சில் நம் பக்கத்தில் அமர்ந்தார், தண்ணீர்ப் புட்டியைக் கையில் எடுத்தார். புட்டி கீழே விழுந்தது. அவரும் நம் தோள்மேல் சாய்ந்தார்.

எதிரணியில் செவிலியர் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். அவரும் தீயணைப்பு வீரர் ஒருவருமாக மின்வினைஞரைத் தரையில் கிடத்தி, மார்புக் கவசத்தை வெட்டி எறிந்து, நெஞ்சை அழுத்தத் தொடங்கினர். நாம் முழங்காலிட்டு, நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து பாவமன்னிப்புச் செபத்தைச் சொன்னோம். முடிந்ததும் செவிலியர் தலையைத் தூக்காமலே, 'ஃபாதர், இப்போது எண்ணுங்கள். உரக்க' என்றார். முப்பது முறை அழுத்தம், இரண்டு முறை மூச்சு, மீண்டும் முப்பது. எண்ணினோம். இரண்டாம் சுற்றில்தான் உணர்ந்தோம், நாம் தமிழில் எண்ணிக்கொண்டிருந்தோம். எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. தாளம் ஒன்றே அவர்களுக்குத் தேவைப்பட்டது.

அதற்குள் சுவரில் மாட்டியிருந்த மின்னதிர்ச்சிக் கருவியை ஒருவர் ஓடிச்சென்று எடுத்துவந்தார். ஒட்டுத் தகடுகளை நெஞ்சில் ஒட்டியவுடன் அக்கருவி தானே பேசிற்று. விலகி நிற்கச் சொல்லிற்று. ஓர் அதிர்ச்சி. சிறிது நேரத்தில் அவர் முனகினார். அந்த முனகலைவிட இனிய ஓசையை நாம் கேட்டதில்லை.

இக்கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்டாரியோவில் சேஸ் மெக்கேக்கர்ன் என்று ஒரு சிறுவன் இருந்தான். ஹாக்கி ஆடியவன், இதய நோயுற்றவன். அரங்குகளிலும் பள்ளிகளிலும் இக்கருவியை வைக்க வேண்டும் என்று தானே குரல் எழுப்பினான். 2006ஆம் ஆண்டில், பதினோரு வயதில் இறந்துபோனான். மறு ஆண்டு இம்மாநிலம் அவன் பெயராலேயே ஒரு சட்டம் இயற்றிற்று. ஆபத்து வேளையில் நல்லெண்ணத்தோடு இக்கருவியைப் பயன்படுத்துவோர்க்கு அச்சட்டம் வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. அன்றிரவு கருவியை எடுக்க ஓடியவர் ஒரு கணமும் தயங்கவில்லை. நம் ஊர்ப் பள்ளித் திடல்களுக்கும் திருவிழாக் கூட்டங்களுக்கும் இது என்று வருமோ?

மின்வினைஞரைச் சட்பரி நகருக்குக் கொண்டுசென்று இரத்தக் குழாய் அடைப்பை நீக்கினார்கள். நம் அணி மூன்று வாரம் கூடவில்லை. அந்நாள்களில்தான் தங்கை தொலைபேசியில் அழுதது. 'அண்ணே, அம்மா இருந்தா விட்டிருப்பாங்களா? இந்த வயசுல இது தேவையா?' என்றாள். அது வெறும் அச்சமன்று, நியாயமான கேள்வி. குருவின் உயிர் அவருக்கு மட்டும் உரியதன்று. மூன்று கோவில்களுக்கு நாம் ஒருவரே இருக்கிறோம். மருத்துவ அம்மையாரிடம் சென்றோம். ஓடுபொறியில் ஏற்றி, மார்பில் கம்பிகளைப் பொருத்தி, பதினொரு நிமிடம் ஓடவிட்டார். முடிவைப் பார்த்துவிட்டு, 'ஆடலாம். வாரத்தில் நான்கு நாள் நடக்க வேண்டும். களைத்தபின் வெளியே வராதீர்கள். களைப்பதற்கு முன்பே வாருங்கள்' என்றார். தங்கைக்கு அதையே சொன்னோம். அவள் சமாதானம் அடையவில்லை. இன்றும் செவ்வாய் இரவு முடிந்து நம் அழைப்பு வரும்வரை அவள் காலை உணவு உண்பதில்லை என்று மைத்துனர் சொல்கிறார். அவள் கவலைக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. ஆடாதிருந்த மூன்று வாரமும் நம் கால்கள் உறக்கத்தில் பனியைத் தேடியதற்கும் இல்லை.

மின்வினைஞர் இனிக் களத்தில் இறங்கலாகாது என்பது மருத்துவர் கட்டளை. மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய் இரவு, காப்பிக் குவளையோடு அவர் அரங்குக்குள் நுழைந்தபோது இரு அணியாரும் மட்டைகளால் பனித்தரையைத் தட்டி வரவேற்றனர். இங்கே கைதட்டலுக்கு அதுவே மாற்று. வந்தவர் பார்வையாளர் படியில் அமராமல் நேரே பெஞ்சுக்கு வந்து கதவருகே நின்றுகொண்டார். மறு வாரம் சட்டைப் பையில் ஒரு நிறுத்துக் கடிகாரம் இருந்தது. அன்றுமுதல் கதவைத் திறந்து மூடுவது அவரே. 45 வினாடி ஆனதும், சுரங்கத்தில் பழகிய அந்தக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வங்கி மேலாளரானாலும் பேருந்து ஓட்டுநரானாலும், வட்டு எங்கே இருந்தாலும், திரும்பி வந்துவிடுகிறார்கள். அவர் கூப்பிட்டு ஒருவரும் மறுத்ததில்லை.

நமக்கு மட்டும் நாற்பது வினாடியிலேயே குரல் கொடுத்துவிடுகிறார். ஏன் என்று கேட்டோம். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தையும் சேர்த்து ஈடுகட்டுவதாகச் சொன்னார்.